கண் பழகிவிடும், நாம் பழகுவோமா?

கண்ணாடி அணியும் மாணவிகளுள் பலருக்குக் கொன்டெக்ட் லென்ஸ் மீது ஒரு கண் இருக்கவே செய்கிறது. வீட்டில் சொன்னால் சில பெற்றோர், "கண்ணுக்குள்ளே எதையும் போடக் கூடாது" என்று ஒரேயடியாக மறுத்துவிடுகிறார்கள். வேறு சிலரோ, மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்ததும் தாங்களாகவே வாங்கிக் கொடுக்கிறார்கள். இந்த இரு சாராருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பது எனது கருத்து.

மென்மையான லென்ஸ் ஒன்றும் பயங்கரமான பொருளல்ல. 1961ஆம் ஆண்டு டிசம்பரில், செக்கோஸ்லோவாக்கியாவின் இரசாயனவியலாளர் ஒட்டோ விக்டர்லே, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருத்துத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஓர் இயந்திரம் அமைத்து இத்தகைய லென்ஸை வார்த்தெடுத்தார். நீரை உறிஞ்சி மென்மையாகும் பல்பகுதியத்தால் ஆனதால் அது கண்ணின் வளைவோடு இசைந்து இருக்கிறது.

ஆயினும் முதல் நாளில் கண் அதனை விருந்தாளியாக வரவேற்பதில்லை. ஏதோ இருப்பது போன்ற உணர்வு, கண்ணீர், அடிக்கடி இமைத்தல் என்பன இயல்பானவை. நமது விழிவெண்படலத்தில் நரம்புகள் நிறைய உண்டு. குருதிக் கலன்களோ இல்லை. தனக்கு வேண்டிய ஒட்சிசனின் பெரும் பகுதியை அது காற்றிலிருந்தே கண்ணீர் வழியாகப் பெறுகிறது. ஆகவேதான் முதல் நாளில் சில மணித்தியாலங்கள் மட்டும் அணிந்து, பின்பு நாளுக்கு ஓரிரு மணித்தியாலங்களாகக் கூட்டிச் செல்லச் சொல்கிறார்கள். பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரங்களில் லென்ஸ் இருப்பதே மறந்துவிடும். ஆனால் வலி, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பார்வை மங்குதல் ஆகியவை பழகும் அறிகுறிகளல்ல. அப்போது லென்ஸை உடனே கழற்ற வேண்டும். கழற்றியும் குறையாவிட்டால் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கண் இவ்வளவு விரைவாகப் பழகிவிடுகிறது. பழகச் சிரமப்படுவது நமது கைகள்தான். ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவி நன்கு துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். அதனை விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் கிண்ணம் போல் தெரிய வேண்டும். விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருந்தால் உட்புறம் வெளியே திரும்பியிருக்கிறது. குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ அதில் படவே கூடாது. தண்ணீரில் வாழும் ஒருவகை அமீபா, பார்வையையே பறிக்கக்கூடிய நோயை உண்டாக்கும். வுழூச் செய்யும்போது கண்ணின் உட்புறத்தைக் கழுவ வேண்டியதில்லை என்பதால், கண்களை மூடி முகம் கழுவினால் போதும். சுர்மா, கண்மை எல்லாம் லென்ஸ் அணிந்த பிறகுதான். உறங்குமுன் கழற்றியே ஆக வேண்டும். பரீட்சைக்கு இரவிரவாகப் படித்துவிட்டுப் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடும் நமக்கு இதுதான் மிகக் கடினம்.

இங்கேதான் எனது வாதம் இருக்கிறது. லென்ஸ் அணிபவருக்குத் தேவையான முதற் பழக்கம், கண் உறுத்தியதும் தயங்காமல் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போடுவதாகும். "கண்ணாடி போட்டால் அழகில்லை, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்" என்ற வெட்கத்தில் லென்ஸுக்கு மாறிய பிள்ளையால் அதைச் செய்ய முடியுமா? கலியாண வீட்டில் கண் சிவந்தாலும் அவள் பொறுத்துக்கொள்வாள், வீட்டாரிடமும் மறைப்பாள். பெருநாளுக்கென்று பென்சிக் கடையில் நிற லென்ஸ் வாங்கித் தோழியரோடு மாற்றி அணிவதும் இதே வெட்கத்தின் இன்னொரு முகமே. பார்வைக் குறைபாடு இல்லாவிட்டாலும், ஆளுக்கு ஆள் விழியின் வளைவு வேறுபடுவதால், கண்ணைப் பரிசோதித்து அளவெடுக்காமல் எந்த லென்ஸும் அணியக் கூடாது.

எனவே பெற்றோரே, மகள் லென்ஸ் கேட்டால் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள். "தினமும் இதைப் பராமரிப்பாயா? கண் நொந்தால் எங்களிடம் சொல்வாயா?" என்று கேளுங்கள். அதற்கு முன், கண்ணாடி அணிந்த அவளது முகத்தில் குறையேதும் இல்லை என்பதை அவள் நம்பும்படி சொல்லிவையுங்கள். சகோதரிகளே, கண்ணாடியோடு வெளியே செல்ல வெட்கப்படாதவளே லென்ஸ் அணியத் தகுதியானவள். கண் ஓர் அமானிதம். அதன் பொறுப்பு நமது கையில்தான் இருக்கிறது.