மந்தையைக் கேட்டு மேய்ப்பரைத் தேடுக

மலைநாட்டுத் தோட்டமொன்றில் உள்ள திருச்சபையின் போதகர் மாற்றலாகிச் செல்கிறார். அல்லது முதுமை காரணமாக ஓய்வு பெறுகிறார். ஞாயிறுதோறும் கோயில் மணி ஒலிக்கிறது. திருவிருந்து நடத்த ஆளில்லை. பிறந்த குழந்தை ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கிறது. மணநாள் குறித்த வீட்டார் அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் ஆளனுப்பி, இரவற் குருவானவர் ஒருவரைத் தேடுகின்றனர். “புதிய ஐயர் எப்போது வருவார்?” என்று லயத்துக்கு லயம் மக்கள் கேட்கின்றனர். “எப்படிப்பட்ட ஐயர் உங்களுக்கு வேண்டும்?” என்று அம்மக்களைக் கேட்பவர்தான் அரிது. இந்த ஒரு கேள்வியைப் பற்றியே இவ்வாரம் எழுத முற்படுகின்றோம்.

இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம் என்று நம் சைவ வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. தோட்டத்துத் தமிழன் தன் வாழ்வைப் பற்றிய முடிவுகளில் வாய்திறக்க உரிமையுடையவனா என்னும் பெரிய கேள்வியின் சிறிய உருவமே இது. பெரிய இடத்தில் மறுக்கப்பட்ட உரிமை சிறிய இடத்திலாவது வழங்கப்படுகிறதா என்று பார்ப்பது நம் அனைவருக்கும் உரிய கடமை.

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே சீர்திருத்தத் திருச்சபையின் ஊழியம் 1854ஆம் ஆண்டளவில் ஒழுங்காகத் தொடங்கியது. அது கோப்பிக் காலம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட 1867க்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. சி.எம்.எஸ். என்னும் இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கம் மேற்பார்வைக் குருமாரைத் தந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் உபதேசிமார் வந்தனர். அவர்களுடைய சம்பளத்துக்குத் தோட்டத் துரைமார் சந்தா செலுத்தினர். அந்த ஊழியத்துக்கு அன்று இடப்பட்ட பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதாகும். பெயரிட்டவர்கள் எங்கிருந்து நோக்கினார்கள் என்பதற்கு அப்பெயரே சான்று.

அந்த உபதேசிமாரின் தொண்டினை நாம் குறைத்துப் பேசவில்லை. மலையும் பள்ளமும் கால்நடையாய்க் கடந்து, லயத்து வாசலில் அமர்ந்து, எழுத்தறியாதவர்க்கு எழுத்தைக் காட்டியவர்கள் அவர்கள். ஆயினும் ஓர் உண்மையை மறைத்துப் பயனில்லை. உபதேசியாரின் சம்பளம் பங்களாவிலிருந்து வந்தது. தோட்டத்துக்குள் அவர் நுழைவதும் துரையின் அனுமதியினாலேயே ஆயிற்று. கொழுந்து நிறுக்குமிடத்தில் அநீதி நடந்தால், அரைப்பேர் போட்டு ஒருத்தியின் கூலியைப் பாதியாக்கினால், அவர் எவ்வளவு தூரம் பேசியிருக்க முடியும்? நல்லவராயிருந்தாலும் அவருடைய நாவில் ஒரு முடிச்சு இருந்தது. படியளந்தவனே ஆளையும் தீர்மானித்தான். சபையார் வந்தவரை வணங்கி ஏற்றுக்கொண்டனர்.

விந்தை யாதெனில், அக்காலத்திலேயே இதற்கு மாறான கொள்கையும் உரத்துப் பேசப்பட்டது என்பதே. 1841 முதல் 1872 வரை அதே சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராக விளங்கிய ஹென்றி வென், ஒரு நாட்டுத் திருச்சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தன் சமயத்தைத் தானே பரப்ப வேண்டும் என்றார். அமெரிக்க மிஷனின் செயலாளர் ரூபஸ் அண்டர்சனும் இதையே போதித்தார். 1855இல் அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, ஒவ்வொரு சபைக்கும் அதன் சொந்த மக்களிலிருந்தே ஒரு போதகர் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1816 முதல் அமெரிக்க மிஷன் பணியாற்றிய தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை போன்ற ஊர்களிற் சுதேசப் போதகர்களும் தம் போதகரைத் தாமே தாங்கும் சபைகளும் தோன்றின. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண அத்தியட்சாதீனம் அமைந்தபோது, அதன் முதல் அத்தியட்சராகத் தமிழரான சபாபதி குலேந்திரன் பொறுப்பேற்றார்.

வடக்கிலே முளைத்த பயிர் மலையிலே ஏன் முளைக்கவில்லை? மலைநாட்டான் அறிவிற் குறைந்தவன் என்பதனாலா? அவ்வாறு எண்ணுவது மகாபாதகம். யாழ்ப்பாணத்துச் சபையானுக்குக் காணி இருந்தது, கிணறு இருந்தது, தன் பெயரில் உறுதி இருந்தது. தோட்டத்துச் சபையானுக்கு லயக் காம்பிராவும் அன்றைய பேருமே இருந்தன. அக்காம்பிராவும் தோட்டத்தின் உடைமை. நிலமற்றவனிடம் சுயாட்சியை எதிர்பார்ப்பது, வரம்பில்லாத வயலில் நீர் தேங்கும் என்று எதிர்பார்ப்பது போலாகும். நம் விவசாயிகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோயிலில் மட்டுமா இவர்கள் கேட்கப்படவில்லை? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது. தராசிலே கொழுந்து நிறுப்பதுபோல் மனிதர் நிறுக்கப்பட்டனர். எத்தட்டில் ஏறுவீர் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்குச் சென்றன; 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குத் திரும்பியது. அப்போதும் தொழிலாளியின் விருப்பத்தை எவரும் கேட்டாரில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்ற நிலை பெரும்பாலும் நீங்கியது. இத்தகைய வரலாறுடைய மக்களின் நடுவே, ‘உங்கள் கருத்து யாது?’ என்று கேட்கும் முதல் இடமாகத் திருச்சபை இருக்க வேண்டாமா?

“எங்கள் திருச்சபையின் சட்டம் இடங்கொடாது” என்று சிலர் கூறலாம். அதையும் ஆராய்வோம். ஆங்கிலிக்கன் சபையில் அத்தியட்சரின் அதிகாரப் பத்திரமின்றி எக்குருவும் பணிபுரிய இயலாது. மெதடிஸ்த சபையில் மாநாடே போதகர்களுக்கு இடம் ஒதுக்குகிறது. கத்தோலிக்க சபையில் பங்குத்தந்தையை நியமிப்பவர் ஆயர். சபையாரே கூடி அழைப்பு விடுக்கும் முறை பப்திஸ்தர் போன்றோரிடம் மட்டுமே உண்டு. இவற்றை மாற்றும்படி நாம் கேட்கவில்லை. நியமிக்கும் உரிமை எவரிடம் உள்ளதோ அவரிடமே இருக்கட்டும். ஆனால் நியமிப்பது வேறு, கலந்து கேட்பது வேறு. அதிகாரம் மேலிருந்து இறங்கும் கத்தோலிக்க சபையின் 1983ஆம் ஆண்டுத் திருச்சட்டமும், பங்குத்தந்தையை நியமிக்குமுன் தக்கவிடத்துப் பொதுநிலையினரின் கருத்தையும் ஆயர் கேட்க இடந்தருகிறது. கேட்கும் கதவு எச்சபையிலும் பூட்டப்படவில்லை. அதைத் தட்டுவோரும் திறப்போருமே வேண்டும்.

வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இதற்கு மேற்கோள் உண்டு. எருசலேமின் ஆதிச் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டிற் புறக்கணிக்கப்பட்டனர். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் தாமே சிலரை நியமித்து விவகாரத்தை மூடிவிடவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்டோர்மீது கைவைத்து ஜெபித்தார்கள். அந்த எழுவரின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். எல்லாம் கிரேக்கப் பெயர்கள்! குறைப்பட்ட மொழியினருக்கே பொறுப்புக் கிடைத்தது. தெரிவு சபையினுடையது, அபிஷேகம் அப்போஸ்தலருடையது. இரண்டும் மோதவில்லை. மொழியால் நொந்த இந்நாட்டிற்கு இதனினும் சிறந்த பாடம் வேறுண்டோ?

இன்னும் ஓர் ஆட்சேபம் உண்டு. “தோட்ட மக்களைக் கேட்டால் சாதி தலைதூக்கும், தொழிற்சங்கக் கட்சி கோயிலுக்குள் நுழையும், சபை இரண்டுபடும்” என்பர். இந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று. சாதிப் பேய் கிறிஸ்தவக் கோயிலின் வாசலில் நின்றுவிடவில்லை; சங்கச் சண்டை லயங்களைப் பிரித்த கதைகளும் உண்டு. எனினும் நாம் கேட்கின்றோம்: சபையாரைக் கேளாத காலத்தில் சாதி இல்லாதிருந்ததா? மூடிய அறையில் சாதி முணுமுணுக்கும்; திறந்த கூட்டத்தில் அது வெட்கப்படும். இதே தோட்டங்களில் மாரியம்மன் கோயில் திருவிழாவை நடத்துபவர் யார்? வீட்டுக்கு வீடு வரி தண்டி, தலைவரைத் தெரிந்து, காமன் கூத்துக்கும் தேருக்கும் நாள் குறித்து, கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கும் மக்கள் இவர்களே. ஒரு பெருவிழாவை நடத்தத் தெரிந்தவர்களுக்கு, தங்களுக்கு எத்தகைய போதகர் வேண்டும் என்று சொல்லத் தெரியாதா?

ஆதலின் செய்யத்தக்கன சிலவற்றைத் தெளிவாகக் கூறுவோம்.

முதலாவது, கலந்தாலோசிக்கும் கூட்டம் பட்டினத்துக் கோயிலில் மட்டும் நடைபெறலாகாது. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் இராகலையிலும் உள்ள மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு லயங்களுக்கே பெரியோர் செல்ல வேண்டும். வேலை நாளில் ஐந்து மணிக்குமேல் மலையிறங்கி வரும் பெண்ணை ஆறு மணிக் கூட்டத்துக்கு அழைப்பது, அவளை வரவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். கோயிலை நிரப்புவோரும் அவர்களே. கிளாக்கரும் ஆசிரியரும் பேசி முடித்த பின்னர் அவர்கள் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. முதலில் அவர்களே பேசட்டும்.

இரண்டாவது, சபையார் ஆளின் பெயரைச் சொல்லுமுன் வேலையைச் சொல்ல வேண்டும். எத்தனை பிரிவுகள், எவ்வளவு தூரம், எத்தனை குடும்பங்கள், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், மதுவால் அழியும் வீடுகள் எத்தனை என்பனவற்றை ஒரு தாளில் எழுதட்டும். அத்தாளே நியமிப்பவருக்கு வழிகாட்டும். வருபவருக்கும் தம் பணியின் அளவைக் காட்டும். ஆளுக்கு ஆள் ஆதரவு தேடி அலைவதும் கையெழுத்து வேட்டையும் இதனால் ஓரளவு ஒழியும்.

மூன்றாவது, வருபவர் சபையாரின் நடுவே குடியிருக்க வேண்டும். பங்களா விருந்தின் சுவையறிந்தவரினும், மழையில் ஒழுகும் கூரையின் கீழ் ஜெபிக்கத் தெரிந்தவரே தேவை. செக்ரோலைப் படித்துச் சொல்லவும், பிள்ளையின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்துக்கு அலுவலகப் படியேறவும், சிங்கள மொழியில் நியாயம் பேசவும், மாரியம்மன் கோயில் தலைவரோடு உறவாடவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் தோட்டத்திலேயே பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் தோட்டத்திற் பிறந்தவரல்லர். ஆயினும் 1972இல் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவி, தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்தார். செவிசாய்க்கத் தெரிந்தவருக்குப் பிறப்பு ஒரு தடையன்று.

நான்காவது, தோட்டத்துப் பிள்ளைகள் குருத்துவத்துக்கு வர வழி செய்தல் வேண்டும். 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கப்பட்ட இலங்கை இறையியற் கல்லூரி தமிழிலும் சிங்களத்திலும் போதகர்களைப் பயிற்றுகிறது. அது மலைநாட்டின் வாசலிலேயே இருக்கிறது. இலங்கை ஆங்கிலிக்கன் திருச்சபையில் 2006இல் பெண்களும் குருக்களாக அபிஷேகம் பெற்றனர். ஆகவே கூடை சுமந்த தாயின் மகனேயன்றி, அவள் மகளும் ஒருநாள் அதே கோயிலின் திருப்பீடத்தின் முன் நிற்கலாம்.

ஐந்தாவது, பணம். நாட்கூலி 1,000 ரூபா என்று 2021இல் வர்த்தமானியில் வருவதற்கே நெடும் போராட்டம் வேண்டியிருந்த மக்களிடம், போதகரின் சம்பளம் முழுவதையும் தாங்குங்கள் என்று கூறுவது கொடுமை. ஆனால் வீட்டுக்கு ஒரு சிறு காணிக்கை சபையின் கைக்கே வந்து, அதன் கணக்கைச் சபையே வாசிக்குமானால், போதகரின் நாவில் இருந்த பழைய முடிச்சு அவிழும். குறைவதை நிரப்பும் பொறுப்பு வசதியுள்ள சபைகளுடையது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள வைத்தியர், வழக்கறிஞர், பொறியியலாளர், கமக்காரர் ஆகிய நம் வாசகர்களுடையது. ஆனால் ஒரு நிபந்தனை: கொடுப்பவர் ஆளைத் தெரிவு செய்ய முற்படலாகாது. துரையின் சந்தா செய்த பிழையைத் தமிழனின் சந்தா மீண்டும் செய்தல் வேண்டாம்.

அத்தியட்சர்களையும் மாநாட்டாரையும் நாம் வணக்கத்துடன் வேண்டிக்கொள்வது இதுவே. அடுத்த முறை ஒரு தோட்டச் சபைக்குப் போதகர் தேவைப்படும்போது, நியமனக் கடிதத்தை எழுதுமுன் ஒரு நாளை ஒதுக்குங்கள். லயத்துக்குச் செல்லுங்கள், கூடையை இறக்கி வைத்த பெண்ணிடம் கேளுங்கள், அவள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். சபையாருக்கும் ஒரு வார்த்தை: கேட்கப்படும்வரை காத்திராதீர்கள். உங்கள் தாளை இப்போதே எழுதத் தொடங்குங்கள்.