பின்னுக்கு யார்?



நேற்று சனி இரவு அன்பீல்ட் மைதானத்தில் லிவர்பூல் 0-3 என்று நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டிடம் தோற்றது. அதற்குப் பிறகு நம்மட ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த மெசேஜ்களை சுபஹுக்குப் பிறகு இருந்து வாசித்தேன். முந்நூறுக்கு மேல். (உயர்தரப் பரீட்சை நடக்கிற நாளில் இரவு ஒரு மணிக்கு மெசேஜ் போட்ட இரண்டு பரீட்சார்த்திகளின் பெயரும் என்னிடம் இருக்கிறது. வாப்பாமாரைக் கண்டால் சொல்வேன்.)

பாதிக்கு மேல் ஒரே கோஷம்: "ரிச்சர்ட் ஹியூஸைத் தூக்கு."

ஆள் யாரென்று தெரியாதவர்களுக்கு: ஹியூஸ் லிவர்பூலின் விளையாட்டுப் பணிப்பாளர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருடைய ஒப்பந்தத்தை நீடிப்பது என்பதெல்லாம் அவர் மேசை வேலை. பயிற்றுவிப்பாளர் ஆர்னே ஸ்லொட், கையில் தந்த ஆட்களை வைத்து மெட்ச் விளையாட்டுகிறவர். ட்ரான்ஸ்பர் என்றதும் நம்மைப் போன்ற வாத்தியார்மாருக்கு வலயக் கல்விப் பணிமனைதான் ஞாபகம் வரும். இது அந்த ட்ரான்ஸ்பர் இல்லை. இதில் போகிறவருக்குச் சம்பளம் கூடும்.

கடைசி ஏழு லீக் ஆட்டங்களில் ஆறு தோல்வி. கோபப்படுவதில் பிழையில்லை. ஆனால் இந்த மறதி இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2024 கோடையை நினைத்துப் பாருங்கள். ஹியூஸும் புதுசு, ஸ்லொட்டும் புதுசு. ரியல் சொசிடாட்டின் சுபிமென்டியைக் கேட்டார்கள், அவர் வரவில்லை. அவர் இல்லையென்றால் இன்னொருவர் என்று ஹியூஸ் கண்டவனுக்கெல்லாம் காசை நீட்டவில்லை. கோல்காப்பாளர் மமர்தஷ்விலியை வாங்கினார், ஆனால் ஒரு வருடம் வலென்சியாவிலேயே விட்டுவைத்தார். உடனே வந்து சேர்ந்தது ஒரே ஒருவர், ஜுவென்டஸின் கியேசா. 10 மில்லியன் பவுண், மேலதிகமாக இன்னும் 2.5 வரை. அப்போது இதே குரூப்பில் வந்தவை: "கஞ்சன்", "கடையைச் சாத்திட்டான்", "இந்த முறை நாலாமிடமும் இல்லை". கடைத்தெருவில் என்னை மறித்து வைத்து அரை மணித்தியாலம் ஏசியவர்களும் உண்டு. ஏதோ ஹியூஸ் எனக்கு மச்சான் முறை என்பது மாதிரி.

என்ன நடந்தது? ஏற்கனவே அணிக்குள் இருந்த கிராவன்பெர்க்கை ஸ்லொட் நடுக்களத்தில் பின்னுக்கு இறக்கினார். 2025 ஏப்ரல் 27 அன்று டொட்டன்ஹாமை 5-1 என்று வென்று, நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்க, 20ஆவது லீக் பட்டம். சலாஹ் 29 கோல், 18 அசிஸ்ட். கியேசா அந்த லீக்கில் விளையாடியது கொஞ்ச நிமிடங்கள்தான். ஹியூஸிடம் மன்னிப்புக் கேட்டு அன்று ஒருவரும் மெசேஜ் போடவில்லை.

பிறகு வந்தது இந்தக் கோடை. ஃப்ரிம்பொங், கெர்கெஸ், 100 மில்லியனும் மேலதிகமும் கொடுத்து வேர்ட்ஸ், பிறகு எகிடிகே, கடைசி நாளில் 125 மில்லியனுக்கு இசாக். பிரித்தானியக் கழகம் ஒன்று கொடுத்த ஆகக் கூடிய விலை அது. எல்லாமாக 400 மில்லியன் பவுணைத் தாண்டியது. செப்டம்பர் 1 இரவு குரூப்பில் பெருநாள். "ஹியூஸ் ஒரு ஜீனியஸ்" என்று எழுதியவரும் நேற்று "தூக்கு" என்று எழுதியவரும் ஒரே ஆள். பெயர் போடமாட்டேன், ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். இசாக்கின் படத்தை அன்று என் ஸ்டேட்டஸில் வைத்தேன். அடுத்த நாள் காலை பத்தாம் தரப் பெடியன் ஒருவன் கேட்டான்: "சேர், பின்னுக்கு யார்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏனென்றால் அதே கடைசி நாளில்தான் கிறிஸ்டல் பலஸின் மார்க் கெஹி கைநழுவிப் போனார். பலஸ் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றாயிற்று. புதிதாக வந்த 18 வயது லியோனி, முதல் ஆட்டத்திலேயே முழங்கால் பசைநார் கிழிந்து விழுந்தான். மிச்சம் 34 வயது வான் டைக், கொனாட்டே, அடிக்கடி காயப்படும் கோமெஸ். முன்னுக்கு 300 மில்லியனுக்குக் கிட்ட, நடுப் பின்களத்தில் ஆளில்லை.

முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றோமே என்பீர்கள். அதில் நான்கில் வெற்றிக் கோல் வந்தது 80ஆவது நிமிடத்துக்குப் பிறகு. போர்ன்மௌத்துக்கு எதிராக அதைப் போட்டது நீங்கள் சிரித்த அதே கியேசா. நியூகாசலில் போட்டது 16 வயதுப் பெடியன் இங்குமோஹா. சுவரில் வெடிப்பு அப்போதே இருந்தது, பூச்சுதான் மறைத்தது.

"சேர், வான் டைக்கையும் அலிசனையும் காசு கொட்டித்தானே வாங்கினார்கள்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி, மற்றவர்கள் போட்ட இமோஜிகளை விட எவ்வளவோ மேல். ஆம், கொட்டித்தான் வாங்கினார்கள். ஆனால் 2018 ஜனவரியில் கூட்டின்ஹோவை பார்சலோனாவுக்கு விற்ற அதே மாதம் வான் டைக் 75 மில்லியனுக்கு வந்தார். கியேவ் இறுதிப் போட்டியில் கோல்காப்பாளர் இடத்தில் ஓட்டை இருப்பதை உலகமே பார்த்தது, அந்தக் கோடையில் அலிசன் வந்தார். அப்போதைய பணிப்பாளர் மைக்கல் எட்வர்ட்ஸ் ஓட்டை எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனார். ரொபர்ட்சனை அதற்கு முதல், தரமிறக்கப்பட்ட ஹல் சிட்டியிலிருந்து 8 மில்லியனுக்கு எடுத்தார்கள். 2019 சாம்பியன்ஸ் லீக், 2020 லீக் கிண்ணம். கூட்டின்ஹோ? பார்சலோனா அவரை பயர்னுக்கு இரவல் கொடுத்தது. 2020 ஓகஸ்டில் பயர்ன் 8-2 என்று பார்சலோனாவை அடித்தபோது அதில் இரண்டு கோல் அவருடையது. தன் காசில் வாங்கிய ஆளிடமே அடி வாங்கிய கழகம்!

செல்சி ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். 2022-23இல் உங்கள் கழகம் 500 மில்லியனுக்கு மேல் செலவழித்து 12ஆம் இடத்தில் முடித்தது.

ஹியூஸ் பிழையே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே கோடையில் இத்தனை பேரை மாற்றியது பிழை, பின்களத்தைக் கடைசி நாளுக்கு விட்டது பெரிய பிழை. ஆனால் அந்தப் பிழைக்குக் கைதட்டியவர்கள் நாம். அவர் சரியாகச் செய்த வருடத்தில்தான் நாம் கல்லெறிந்தோம். இன்னொன்றையும் எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஜூலை 3ஆம் திகதி டியோகோ ஜோட்டாவும் தம்பியும் வாகன விபத்தில் இறந்தார்கள். கலியாணம் முடித்து பதினொரு நாள். கூட விளையாடியவனை அடக்கிவிட்டு வந்து பயிற்சிக்கு நின்ற அணி இது. அந்தக் கணக்கை எந்தப் பணிப்பாளர் மேசையில் எழுதுவது? சலாஹை "கிழவன், விற்றுத் தொலை" என்று எழுதியவர்கள் இதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள். ஏப்ரலில் அவர் ஒப்பந்தம் நீடிக்கப்பட்டபோது இதே ஊரில் டொபி பகிர்ந்தோம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் லிவர்பூல் மட்டுமில்லை. வாற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு நம்மட கழகத்தின் கூட்டம். டிசம்பர் சுற்றுப்போட்டிக்கான பட்டியல் எனக்கும் வந்தது. வெளியூர் வீரர்கள் ஏழு பேர், ஒவ்வொருவருக்கும் மெட்சுக்கு இவ்வளவு என்று காசு. அந்த ஏழில் நான்கு பேர் முன்வரிசை. "நமக்கும் ஒரு இசாக் வேணும்" என்று கீழே ஒரு காக்கா எழுதியிருக்கிறார். போன வருடமும் இப்படித்தான் கூட்டி வந்தோம். காலிறுதியில் மூன்று கோல் வாங்கி வெளியே வந்தோம். வந்தவர்கள் காசை எடுத்துக்கொண்டு அன்றிரவே பஸ் ஏறினார்கள். நம்மட பெடியன்கள் அவர்களுக்குத் தண்ணிப் போத்தல் காவினார்கள். ஜேர்சி கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இன்னும் இருக்கிறது, பொருளாளர் காக்கா மறுத்தால் கணக்கைக் காட்டட்டும்.

வெளியூர் ஆளே வேண்டாம் என்று சொல்லவில்லை. நமக்கு கோல்காப்பாளர் இல்லை, ஒருவரைக் கூப்பிடுங்கள், நான் கை உயர்த்துகிறேன். மற்ற ஆறு பேர் எந்த ஓட்டைக்கு? 17 வயதுக்குட்பட்ட பெடியன்கள் வருடம் முழுக்க அஸருக்குப் பிறகு அந்த மண்ணில் ஓடுகிறார்கள். இரண்டு பந்து, அதில் ஒன்று காற்று நிற்காது. பட்டியல் போட்டவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் ஒரு நாளாவது வந்து அவர்கள் விளையாடுவதைப் பார்த்தீர்கள்?

"பின்னுக்கு யார்" என்று என்னிடம் கேட்ட பெடியன் அந்த அணியில் ஸ்டொப்பர். பட்டியலில் அவன் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதே கேள்வியை உங்களிடமும் கேட்கட்டும்.