நின்றுபோன ரத்தத்தை நம்பலாமா?

மட்டாஞ்சேரிப் பண்டகசாலையில் மூட்டை தூக்குபவரானாலும் சரி, ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் வெயிலில் நின்று துணி வெளுப்பவரானாலும் சரி, சிறுநீர் சிவந்து போனால் நம்மவர் முதலில் சொல்லுவது ‘உடம்புச் சூடு’ என்பதே. இளநீர் குடிப்பார்; சீரகத் தண்ணீர் குடிப்பார். இரண்டு நாளில் சிவப்பு மறையும். வைத்தியம் பலித்தது என்று வேலைக்குப் போய்விடுவார். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் போவதுதான். ஒரு நாள் வரும். பிறகு பல வாரங்கள் வராமலே இருக்கும். நின்றது ரத்தமே தவிர நோயன்று. கல்லடைப்பாலும், கிருமித் தொற்றாலும் கூட ரத்தம் போகலாம். ஆகவே வீணாக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், சோதித்துப் பாராமல் இன்னதென்று முடிவு கட்டலாகாது.

சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் முதற்படி. சிறு கட்டிகள் ஸ்கேனுக்குத் தப்பிவிடக்கூடும். ஆதலால் சிஸ்டாஸ்கோப் என்னும் மெல்லிய குழாயைச் சிறுநீர் வழியே செலுத்தி, பையின் உட்புறத்தை டாக்டர்கள் நேரில் பார்க்கிறார்கள். கண்டுபிடிக்கப்படும்போது நால்வரில் சுமார் மூவருக்கு நோய் தசைக்குள் இறங்காமல் மேற்பரப்போடு நிற்கிறது. வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியில் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். காசநோயைத் தடுக்க நாம் கையில் குத்திக்கொள்ளும் பி.சி.ஜி. மருந்தே, மீண்டும் வளராதிருக்கப் பைக்குள் செலுத்தப்படுகிறது. கானடாவில் டாக்டர் மொராலஸ் 1976இல் வெளியிட்ட முறை இது. தசைக்குள் இறங்கிவிட்டாலோ, பையையே அகற்ற நேரிடலாம்.

சிறுநீரகப் புற்றுநோய் இன்னும் மௌனமானது. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படுவதே அதிகம். கட்டி சிறிதாயிருந்தால் அதை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். பரவிய பிறகு வழக்கமான கீமோதெரபி அதிகம் பயன்படுவதில்லை. விலையுயர்ந்த புதிய மருந்துகளையே நாட வேண்டியிருக்கிறது.

இரண்டு நோய்களுக்கும் புகையிலை பொதுப் பகை. பீடிப் புகையின் நஞ்சு நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியே வடிந்து, பையில் மணிக்கணக்கில் தேங்குகிறது. சாயத் தொழிலின் ரசாயனங்களும் இத்தகையவையே. ஜெர்மனியில் சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகளை டாக்டர் ரேன் 1895லேயே சுட்டிக்காட்டினார்.

கேரளத்தில் சிகிச்சைக்கு வழியில்லாமலில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1981இல் தோன்றியது. கொச்சிக்கும் ஒன்று வேண்டுமென்று முதுமையிலும் குரல் கொடுத்தவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 2014இல் களமசேரியில் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

மட்டாஞ்சேரியிலிருந்து களமசேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தூரம் பெரிதன்று, அங்கே போய்ச் சேருவதற்குள் கழியும் மாதங்களே பெரிது. சிகிச்சை முடிந்த பின்னும் இந்நோய் திரும்ப வரும் இயல்புடையது. ஆகவே தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய்ச் சோதனை அவசியம். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் சம்பள இழப்பு. ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று இரண்டாம் தவணையிலேயே நின்றுவிட்டால், முதலில் செய்த சிகிச்சையும் வீணாகிவிடும்.

அரசு செய்ய வேண்டியது புதிய கட்டடம் மட்டுமன்று. சிறுநீரில் ரத்தம் என்று வருபவரை வட்டார மருத்துவமனையிலேயே பதிவு செய்து, சோதனை முடியும்வரை விடாமல் தொடர வேண்டும். தவணைச் சோதனைக்கு வருவோரின் கூலி இழப்புக்கும் வழி காண வேண்டும். ஆயுஷ்மான் பாரத் அட்டை மாநில எல்லை கடந்தும் செல்லுபடியாகும் என்பதைத் தமிழிலும் அச்சிட்டு ஒட்ட வேண்டும். தமிழகத்தில் பெற்ற அட்டையோடு இங்கே உழைப்போர் பலர் அதை அறியார்.

நாம் செய்ய வேண்டியது ஒன்றே. மூத்திரம், ரத்தம் என்ற சொற்கள் மலையாளத்திலும் ஏறக்குறைய அவையே. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரே ஒரு தடவை கண்டிருந்தாலும்.