பிறந்தது நாமக்கல், பதிவு சிலோன்!



மலருக்குக் கட்டுரை கேட்டதும் பலரும் லேத்தைப் பற்றியும் லட்சியத்தைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது நம்ம பரமத்தி முகாமை. நாமக்கல்லிலிருந்து வேலூர் பஸ்ஸில் போய்வருகிற நமக்கெல்லாம் அது ‘சிலோன் கேம்ப்’. ஆனால் அங்கிருந்து வந்து நம் பெஞ்சிலேயே உட்கார்ந்து வரைபடம் போடுகிறவன் இந்த நாட்டில் யார் என்று கேட்டால், நம்மில் பாதிப்பேருக்குப் பதில் தெரியாது.

என் வகுப்பு நண்பன் ஒருவன் 2006இல் நாமக்கல்லில் பிறந்தவன். “ஏனுங்க, போலாமுங்களா” என்று நம்மைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவான். “பேந்து கதைப்பம்” என்பதெல்லாம் அவன் பாட்டியோடு சரி. அப்பாவுக்கு லாரி பாடி பட்டறையில் பெயின்ட் வேலை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவன் இந்தியன் இல்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை வேண்டுமானால் தாய் தந்தை இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அவன் பெற்றோர் 1990இல் சின்னப் பிள்ளைகளாகப் படகில் வந்தவர்கள். குண்டுக்குத் தப்பி வருகிறவன் எந்த ஆபீசில் போய் விசா வாங்குவான்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் சேலம், நாமக்கல் சீமையிலிருந்துதான் வெள்ளைக்காரன் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் கண்டி மலைக்குக் கூலிகளாகப் போயின. 1948இல் இலங்கை அரசு தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். அப்படி வந்தவர்கள் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தது. அவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கஷ்டப்பட்டார்கள், ஏமாற்றப்பட்டார்கள், அது உண்மை. ஆனால் ஓட்டுப் போட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டார்கள். அதே மலைத்தோட்டத்துக் குடும்பத்தில் இன்னொரு கிளை 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்திருந்தால்? அகதி! தாத்தன் ஒருவன், ரத்தம் ஒன்று, வந்த வழி மட்டும் வேறு. ஒரு கிளை மூன்றாம் தலைமுறையில் ஊரோடு கரைந்துபோனது. மற்றொரு கிளை இன்றும் வருவாய்த்துறைத் தணிக்கை நாளில் குடும்பத்தோடு ஆஜர் சொல்கிறது.

ஊரோடு ஒட்டுவது ஒட்டாதது எல்லாம் வந்தவன் குணம் என்று டீக்கடையில் பேசுகிறோம். நான் அதை ஒப்பமாட்டேன். பாதி வேலையைச் சர்க்காரின் காகிதம் செய்கிறது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு சாத்தப்பட்டது. சில வருஷம் கழித்துத்தான் திரும்பத் திறந்தது. நடுவில் பதினேழு பதினெட்டு வயதில் இருந்தவர்கள் பெயின்ட் டப்பாவைத் தூக்கினார்கள். குணமா மாறியது? உத்தரவு மாறியது!

மாநில அரசு கொஞ்சமும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ரேஷன் அரிசி, மாத உதவி, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. 2021 ஆகஸ்டில் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். 7,469 வீடுகள் கட்டித் தரும் அறிவிப்பு வந்தது. பாலிடெக்னிக் மாணவருக்கான ஆண்டு உதவித்தொகை 2,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. அன்றைய கணக்கில் முகாம்களில் மட்டும் 58,822 பேர். ஆனால் குடியுரிமைச் சாவி சென்னையில் இல்லை, டெல்லியில் இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக வழக்கு வராது. நல்லது. ஜெயில் இல்லை என்றாகிவிட்டது. வீடு என்று ஆகவில்லை.

மாநிலம் படிக்க வைக்கிறது, மத்தியச் சட்டம் படித்தவனை வாசலில் நிறுத்துகிறது. இந்த இடுக்கில்தான் என் நண்பன் நிற்கிறான். கேம்பஸ் இன்டர்வியூவில் வெளிமாநிலக் கம்பெனி ஒன்று வந்தது. எழுத்துத் தேர்வில் அவன்தான் முதலில் நின்றான். பிறகு சான்றிதழ் பார்க்கும் மேஜை. அங்கே நேஷனாலிட்டி என்ற கட்டத்தில் அவன் உண்மையை எழுதினான். “அப்புறம் தகவல் சொல்றோம் தம்பி” என்றார்கள். தகவல் வரவேயில்லை. அவனைவிடக் குறைந்த மார்க் எடுத்த மூன்று பேருக்கு ஆர்டர் வந்தது.

“நம்ம பசங்களுக்கே வேலையில்லை, இதுல அவங்களுக்கு வேறயா?” என்று ஹாஸ்டலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கவலைதான். ஆனால் குடியுரிமை இல்லாதவன் எங்கேயும் போய்விடுவதில்லை. இதே நாமக்கல் பட்டறையில் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறான். பி.எஃப். கேட்கமாட்டான், சங்கத்தில் சேரமாட்டான், கை நசுங்கினாலும் வாய் திறக்கமாட்டான். அப்படி ஒருவன் பக்கத்தில் இருந்தால் நம் கூலி ஏறுமா, இறங்குமா?

வழி அடைபட்டே கிடக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். இதை வைத்து, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் போனார். அவருக்குப் பாஸ்போர்ட் தரச்சொல்லி 2022இல் தீர்ப்பு வந்தது. 2024 தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். 36 வயதில் கிடைத்த பிறப்புரிமை! அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு டெல்லி மனம் வைத்தால்தான் உண்டு.

டெல்லி வரைக்கும் நம் குரல் எட்டுமோ என்னவோ, பிரின்சிபால் அறை வரைக்கும் எட்டும். இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளிடம், முகாம் மாணவரை எடுப்பீர்களா மாட்டீர்களா என்று கல்லூரி முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். எடுக்கத் தடையில்லாத தனியார் நிறுவனங்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கும் நம் சீனியர்களைக் கேட்டாலே பாதிப் பட்டியல் கிடைத்துவிடும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, ‘பி’ பிரிவில் வந்து பெயர் கொடுங்கள்.