யாருக்கான நேர மேலாண்மை?

இணையவழியில் படிப்பவர்களின் மன அழுத்தம் குறைய அட்டவணை போடச் சொல்கிறார்கள். அமைதியான அறையில் உட்காரச் சொல்கிறார்கள். தனி அறையும் தனி செல்பேசியும் உள்ள பிள்ளைக்கு நல்ல அறிவுரைதான்.

சேரியில் வீடே ஓர் அறை. இருக்கும் ஒரு செல்பேசியும் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பிய பிறகுதான் மகளுக்குப் பள்ளிக்கூடம். அதற்குள் ஐந்து பாடங்களின் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் குவிந்திருக்கும். தாமதமானால் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர்.

2020 ஜூன் 1 அன்று கேரளம் இணைய வகுப்புகளைத் தொடங்கியது. அன்றே மலப்புரம் மாவட்டத்தில் தலித் மாணவி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். வீட்டுத் தொலைக்காட்சி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. அடுத்த ஆண்டு, 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளியோர் குடியிருப்புகளில் 'ஸ்கூல்' ஆய்வு நடந்தது. கிராமப்புறப் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளில் ஒழுங்காக இணையத்தில் படித்தவர்கள் 4 விழுக்காடு, மற்றவர்களில் 15.

தொற்று போனது, இணையவழி போகவில்லை. ஒரு பருவத்தில் 40 விழுக்காடு பாடங்கள் வரை ஸ்வயம் வழியே படிக்க யுஜிசி விதி இடம் தருகிறது. அப்படியானால் ஒப்படைப்புகளுக்கு ஒரு வாரமாவது கெடு கொடுங்கள். பாடங்களை அச்சிலும் தாருங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கணினியும் இணையமும் வைத்து, மாலையில் வெளி மாணவர்களுக்கும் திறந்துவிடுங்கள். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். ஓட்டைக் கூரையையும் சுவரிலுள்ள அம்பேத்கர் படத்தையும் பார்த்துச் சாதியைக் கணக்குப் போடுகிறவர்கள் அதே வகுப்பில் இருக்கிறார்கள்.