மாத்திரையை நொறுக்கும் முன் ஒரு கேள்வி



உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் மருந்துப் பையைப் பார்ப்பது யார்? நம் வீடுகள் பலவற்றில் அந்த வேலை உங்களிடம்தான் வந்து சேர்கிறது. பையின் மேல் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதைப் படித்து, “இது காலையில், இது இரவில்” என்று சொல்பவர் நீங்கள்தான். அதனால் மருந்தைப் பற்றிய ஒரு செய்தியை உங்களிடமே நேராகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் படிவம் நான்கில் படித்தபோது என் தாத்தாவுக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. தினமும் காலையில் ஒரு மாத்திரை. தொண்டையில் சிக்குகிறது என்று முகம் சுளிப்பார். ஒருநாள் நான் அதை இடிகல்லில் போட்டுப் பொடித்து, கஞ்சியில் கலந்து கொடுத்தேன். உதவி செய்துவிட்டதாக நினைத்தேன். சிறிது நேரத்தில் தலை சுற்றுகிறது என்றார். எழுந்து நடந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மருத்துவமனையில் மருந்தாளர் கேட்ட முதல் கேள்வி, “மாத்திரையை நொறுக்கிக் கொடுத்தீர்களா?” என்பதுதான்.

அந்த மருந்தின் பெயர் நிஃபெடிபின். முதலில் இது கேப்சூலாக வந்தது. உள்ளே இருக்கும் திரவ மருந்து விரைவில் இரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்தில் குறைந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று முறை சாப்பிட வேண்டும். பின்னர் ஒரு நாளுக்கு ஒன்றே போதும் என்ற வகை மாத்திரை வந்தது. தாத்தா சாப்பிட்டது அதைத்தான்.

ஒரே மாத்திரை 24 மணி நேரம் எப்படி வேலை செய்கிறது? உயிரியலில் நீங்கள் படிக்கும் ஆஸ்மோசிஸ், அதாவது சவ்வூடுபரவல், அதற்குள் இருக்கிறது. மாத்திரையைச் சுற்றி நீரை மட்டும் உள்ளே விடும் ஒரு சவ்வு. சவ்வுக்குள் இரண்டு அடுக்குகள்: ஒன்றில் மருந்து, மற்றொன்றில் நீர் பட்டால் உப்பும் பொருள். மருந்து இருக்கும் பக்கத்தில் லேசரால் போட்ட ஒரு சிறு துளை. குடலில் உள்ள நீர் சவ்வு வழியாக மெல்ல உள்ளே போகும். உப்பும் அடுக்கு மருந்தை அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். வேலை முடிந்ததும் வெறும் கூடு மலத்தோடு வெளியேறிவிடும். நான் இடிகல்லில் உடைத்தது அந்தச் சவ்வை. ஒரு முழு நாளுக்கு உரிய மருந்தை ஒரே வேளையில் தாத்தாவின் உடலில் கொட்டிவிட்டேன்.

இது எவ்வளவு ஆபத்து என்பது மருத்துவ உலகிற்கும் பட்டுத்தான் தெரிந்தது. இரத்த அழுத்தம் திடீரென்று ஏறியவர்களுக்கு நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து விழுங்கச் சொல்லும் பழக்கம் ஒரு காலத்தில் பல இடங்களில் இருந்தது. அழுத்தம் மளமளவென்று இறங்கியதால் சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே, இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மருத்துவர்கள் எழுதினார்கள்.

மருந்து என்றால் பெயரும் மில்லிகிராமும்தான் என்று நாம் நினைக்கிறோம். என் கருத்து, அதன் வடிவமும் மருந்தின் ஒரு பகுதி என்பதே. இதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1968-இல் பிரிஸ்பேன் நகரில் வலிப்பு நோய்க்கு ஃபெனிடோயின் சாப்பிட்டு வந்த பலருக்குத் திடீரென்று நடை தள்ளாடியது; மருந்து அளவு மீறியதற்கான அறிகுறிகள் தெரிந்தன. அதே மருந்து, அதே மில்லிகிராம். மாறியது கேப்சூலை நிரப்பச் சேர்க்கும் பொடி மட்டுமே. முன்பு கால்சியம் சல்ஃபேட் சேர்த்தார்கள். பிறகு லாக்டோஸ் சேர்த்தார்கள். கால்சியம் சல்ஃபேட் இருந்தவரை மருந்தில் ஒரு பகுதி உடலில் சேராமல் போயிருக்கிறது. லாக்டோஸ் வந்ததும் இரத்தத்தில் மருந்து கூடிவிட்டது.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். இரண்டு குவளையில் சம அளவு நீர் எடுங்கள். ஒன்றில் ஒரு கற்கண்டுக் கட்டி, மற்றொன்றில் அதே எடையுள்ள கற்கண்டுப் பொடி. எது முதலில் கரைகிறது? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பளவு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 1,000 துண்டுகள். மொத்தப் பரப்பளவு 60 சதுர சென்டிமீட்டர், அதாவது பத்து மடங்கு. மாத்திரையைப் பொடித்தாலும் இதுவே நடக்கிறது.

வேகம் மட்டுமல்ல, மருந்து போய்ச் சேரும் இடமும் வடிவத்தைப் பொறுத்தது. வயிற்றுப் புண்ணுக்குத் தரும் ஒமெப்ரசோல் அமிலத்தில் சிதைந்துவிடும். அதனால் இரைப்பையில் கரையாமல், சிறுகுடலில் கரையும் பூச்சு அதற்கு இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் வாயிலிருந்தே நேராக இரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வேலை செய்கிறது. அதையே விழுங்கினால், கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும்.

“சார், இதெல்லாம் மருந்தாளர் வேலை, எங்களுக்கு எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். மருந்தாளர் உங்கள் சமையலறையில் நிற்பதில்லை. மாத்திரையைக் கையில் வைத்திருப்பது நீங்கள். சவ்வூடுபரவலையும் பரப்பளவையும் அமிலத்தையும் எஸ்பிஎம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். விடைத்தாளோடு அது முடிந்துவிடுகிறது. பாட்டியின் மருந்துப் பையில் அதே பாடம் உயிரோடு இருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லித் தராதது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் குறை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

“பாட்டியால் விழுங்கவே முடியவில்லையே?” என்பது நியாயமான கேள்வி. அதற்கு வழி உண்டு. சில மருந்துகள் திரவமாகவும், நீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரையாகவும், தோலில் ஒட்டும் பட்டையாகவும் கிடைக்கின்றன. சில மாத்திரைகளை நொறுக்குவதில் ஆபத்தும் இல்லை. எது எது என்று ஊகிக்காதீர்கள், கேளுங்கள்.

இந்த வார விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எஸ்ஆர், எல்ஏ போன்ற எழுத்துகள் இருந்தால் அடிக்கோடிடுங்கள். அவை மெல்ல வெளிவரும் மருந்துகளைக் குறிப்பவை. எழுத்து இல்லாவிட்டால் நொறுக்கலாம் என்று பொருள் அல்ல. நீங்களாக எந்த மருந்தையும் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்கோ மருந்தகத்துக்கோ போகும்போது அந்தத் தாளைக் காட்டி, “இதை நொறுக்கலாமா?” என்று கேளுங்கள்.

நான் அன்று கேட்காமல் விட்ட கேள்வி அது. கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.