கட்டி வயிற்றில், சேதம் சிறுமூளையில்

ஒரு பெண்ணுக்கு முதலில் லேசான தலைசுற்றல், குமட்டல். சில நாட்களில் டம்ளரை எடுக்கப் போகும் கை குறி தவறுகிறது, பேச்சு குழறுகிறது, காண்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது. சில வாரங்களில் அந்தப் பெண்ணால் துணையின்றி உட்காரவும் முடிவதில்லை. தலையை ஸ்கேன் செய்தால், தொடக்கத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கட்டி இருப்பது சினைப்பையில். அங்கே வலிகூட இருந்திருக்காது.

இந்த முடிச்சை அவிழ்க்க மருத்துவத்துக்கு ஏறக்குறைய 80 ஆண்டுகள் பிடித்தன. இடுப்புக்குழியில் கட்டி இருந்த ஒரு பெண்ணின் சிறுமூளை சிதைந்திருந்ததை 1919-இல் எழுதிவைத்தவர் நெதர்லாந்தின் நரம்பியல் மருத்துவர் பிரவுவர். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்ற பேச்சு 1938-இல்தான் எழுந்தது. 1983-இல் அமெரிக்காவின் கிரீன்லீயும் பிரஷியரும், சினைப்பைப் புற்றுநோய் கண்ட இரு பெண்களின் ரத்தத்தில், சிறுமூளையின் புர்கின்ஜே செல்களைப் போய்ப் பற்றும் ஆன்டிபாடிகளைக் கண்டனர். 'யோ' ஆன்டிபாடி என்று இன்று ஆய்வகங்கள் தேடுவது இந்த வகையைத்தான்.

1998-இல் நியூயார்க்கில் ராபர்ட் டார்னெலின் குழு இன்னொரு படி முன்னேறியது. மூளையில் இருக்கவேண்டிய ஒரு புரதத்தைப் புற்றுநோய்ச் செல்லும் தயாரிக்கிறது. அதை அந்நியமாகக் கண்டு கொல்லப் புறப்படும் நோயெதிர்ப்பு டி செல்கள் இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் இருந்தன. அவை கட்டியோடு நிற்பதில்லை, சிறுமூளை வரை போகின்றன என்பதே இன்றைய விளக்கம். கட்டி பல நேரம் சிறிதாக ஒடுங்கிக் கிடப்பதற்கும் இந்தத் தாக்குதலே காரணமாகக் கருதப்படுகிறது. உடல் புற்றோடு நடத்தும் போரின் செலவைச் சிறுமூளை கட்டுகிறது. செத்த புர்கின்ஜே செல் திரும்ப முளைப்பதில்லை.

இதே சினைப்பையிலிருந்து கிளம்பக்கூடிய இன்னொரு நோயின் கதை வேறு. 2007-இல் ஜோசப் டால்மாவ் குழு 12 பெண்களிடம் கண்டு விவரித்த என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி, சில நேரம் டெரட்டோமா எனும், பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டியால் தூண்டப்படுவது. மனநோய் போலத் தொடங்கும் அதில் ஆன்டிபாடி தாக்குவது செல்லின் மேற்பரப்பை, செல் சாவதில்லை. 577 நோயாளிகளைத் தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

யோ நோயாளிக்கு அந்த வாய்ப்பு அரிது. கட்டியை அகற்றினாலும் ஸ்டீராய்டு கொடுத்தாலும், பெரும்பாலும் இழந்தது மீள்வதில்லை. மிஞ்சியதைக் காப்பாற்றலாம், அதுவும் சீக்கிரம் கண்டுபிடித்தால். இன்று குறை அறிவில் இல்லை. தலையை ஒரு துறையும் வயிற்றை இன்னொரு துறையும் தனித்தனியே பார்க்கும் பழக்கத்தில் இருக்கிறது. நடுவயதுப் பெண்ணின் நடை திடீரெனத் தடுமாறினால், புற்று ஒளிந்திருக்கக்கூடிய சினைப்பையையும் மார்பகத்தையும் பரிசோதிக்கச் சொல்லவேண்டியவர் நரம்பியல் மருத்துவரே. ஒன்றும் கிடைக்காவிட்டால் 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் தேடவேண்டும் என்கிறது 2021-இன் சர்வதேச வரையறை. முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தது என்பதற்காக அந்தக் கோப்பை மூடக்கூடாது.